பிடிச்சுப் போச்சு

பையைப் பார்த்து ஒதுங்காதீங்க தம்பி, உள்ளே கசிகிற மாதிரி ஒன்றும் இல்லை. தண்ணீர் பைப்புதான். புதுப் பைப்பு ஒன்று, கொஞ்சம் வாஷர், ஒரு ஸ்பானர், வெள்ளை கிரீஸ் டப்பா. வாடை வருகிறதென்றால் அது பையிலிருந்து இல்லை, என் சட்டையிலிருந்து. மில்லில் ஆயிலர் நான். ஓடுகிற எந்திரத்துக்கெல்லாம் எண்ணெய் போடுகிற வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்ததும் குளிக்கக்கூடச் செய்யாமல் பஸ் ஏறிவிட்டேன். பேசுவதானால் இந்தக் காதுப் பக்கம் பேசுங்க. அந்தக் காது மில்லிலேயே தங்கிவிட்டது.

எங்கே போகிறேனா? தாராபுரம் தாண்டி வேலாங்காட்டுப் பிரிவு. அங்கே என் மச்சான் வீடு. வீட்டுக்காரியைக் கூட்டிவரப் போகிறேன். மாரியம்மன் நோம்பிக்கென்று அண்ணன் வீட்டுக்குப் போனவள் தம்பி. நோம்பி முடிந்தது, கோயில் முன்னால் நட்ட கம்பம் பிடுங்கியாச்சு, வந்த ஒறம்பரை சொந்தமெல்லாம் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. பந்தல்காரன் மூங்கிலைக் கழற்றிக்கொண்டு போய் அடுத்த ஊரில் பந்தலும் போட்டிருப்பான். சாந்தாமணி மட்டும் வரவில்லை.

சண்டையா என்று கேட்கத்தானே வாயெடுக்கறீங்க? எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சண்டை இல்லை. சத்தியமாக இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு நாங்கள் பேசிக்கொள்வதே கிடையாது. அவ்வளவு ஒற்றுமை.

எல்லாம் இந்தப் பைப்பால் வந்தது. சிரிக்காதீங்க. பைப்புக்கும் பொண்டாட்டிக்கும் என்ன என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

எங்கள் வீடு மில்லுக்குப் பின்னால், லைன் வீடு. போர் தண்ணிதான், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த உப்பு சும்மா இருக்குமா? பைப்புக்குள்ளே போய்ச் சுண்ணாம்பு மாதிரி படிந்துகொள்ளும். திருகுகிற தண்டு இருக்கிறதே, ஸ்பிண்டில் என்போம், அதன் மரையெல்லாம் அடைத்து, வாஷரைக் கல்லாக்கி, ஒருநாள் பார்த்தால் அசையாது. பிடிச்சுப் போச்சு என்போமே, அது. எங்கள் சமையல்கட்டுப் பைப்பு அப்படித்தான் பிடிச்சுப் போயிருந்தது.

சாந்தாமணியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் இதே மில்லில்தான் இருந்தாள், கோன் வைண்டிங்கில். அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போடுகிற வேலை. எவ்வளவு காலம் போட்டாளோ, விரல் மூட்டெல்லாம் வீங்கி, நெல்லிக்காய் நெல்லிக்காயாக நிற்கிறது. வாதம் என்கிறார் டாக்டர். வேலையிலிருந்து நின்றுவிட்டாள். ஒரு தம்ளரைக்கூட இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிப்பாள். அந்தக் கையால் பிடிச்சுப்போன பைப்பை எப்படித் திறப்பது?

அதனால் என்னைக் கூப்பிடுவாள்.

அதுதான் விவகாரம். ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல் தூக்கம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. படுத்ததும் வராது. காதுக்குள்ளே மில் ஓடிக்கொண்டேயிருக்கும். அது ஓடி ஓடி நின்று, கண் அசந்து, ஆஹா இப்போது தூங்குகிறோம் என்று நமக்கே தெரிகிற நேரம் ஒன்று வரும் பாருங்க, சரியாக அப்போது கேட்கும்.

"ஏனுங்க! இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க!"

எழுந்து போவேன். திட்டமாட்டேன், நான் அப்படிப்பட்டவன் இல்லை. வேட்டியை வாரிச் சுற்றிக்கொண்டு போய், ஒரு திருகு. திறந்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. திறக்க முடியாதவளுக்கு மூடவும் முடியாதில்லையா? குடம் நிறைகிறவரை பக்கத்தில் நின்றாக வேண்டும். உள்ளே உப்பு அடைத்திருக்கிறதில்லையா, தண்ணீர் நூல் மாதிரித்தான் விழும். அவ்வளவு நேரமும் அவள் பேசுவாள்.

என்ன பேசுவாள்? என்னவோ பேசுவாள். ஆடு வந்து முருங்கைக் கொப்பைத் தின்றது. மகள் போன் பண்ணினாள். எங்கள் மகள் தாரணி, ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்புறம் லைன் வீட்டுக் கதை. நான் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்று உம் கொட்டுவேன். நடுவில் நிறுத்திவிட்டு, "தூங்கறீங்களா?" என்பாள். "இல்ல புள்ள, சொல்லு" என்பேன். குடம் நிறைந்து வழிந்தால்கூட அவளுக்குத் தெரியாது. நான்தான் சட்டென்று மூடுவேன். கதை பாதியில் நிற்கும். "நாளைக்குச் சொல்றேன்" என்பாள். மறுநாள் குடத்தை வைத்ததும், விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

இப்படி ஒருநாள் இரண்டுநாள் என்றால் பரவாயில்லை. தினமும்! மனிதன் செத்துப்போவான் தம்பி. மில்லில் ஒருமுறை நின்றுகொண்டே தூங்கி, எண்ணெய்க் கேனைக் காலில் போட்டுக்கொண்டேன். அன்றைக்குத்தான் எனக்கு ரோசனை வந்தது. ஊரான் எந்திரத்துக்கெல்லாம் எண்ணெய் போடுகிறோம், நம் வீட்டுப் பைப்புக்கு ஒரு சொட்டுப் போட்டோமா?

எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகக் கழற்றி, நானாகக் கெடுத்து, நானாகக் கற்றுக்கொண்டதுதான். முதலில் தேங்காய் எண்ணெய் விட்டேன். வழவழவென்று திரும்பியது. ஆனால் கொஞ்ச நாளில் அது உப்போடு சேர்ந்து பிசினாகி முன்னைவிட மோசம். அடுத்து மில் கிரீஸ் கொஞ்சம் கொண்டுவந்து தடவினேன். அது ரப்பருக்கு ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? வாஷர் ஊறி உப்பிப் போச்சு. தண்ணீரில் வாடை வேறு. சாந்தாமணி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங்க, மில்லையே கலக்கிக் குடிக்கற மாதிரி இருக்குது. அப்படியே சங்கு ஊதுனா நானும் ஷிப்டுக்குக் கிளம்பிருவேன்" என்றாள். அவளுக்கு அப்போதெல்லாம் வாய் ஜாஸ்தி.

அப்புறம் செல்போனில் வீடியோ பார்த்தேன். ஒரு ஹிந்திக்காரர். என்ன சொல்கிறார் என்று ஒரு எழுத்துப் புரியவில்லை, ஆனால் கை பேசுமில்லையா? அதைப் பார்த்தேன். தொட்டி வால்வை மூடிவிட்டு, பைப்பைத் திறந்து இருக்கிற தண்ணீரை வடிய விட வேண்டும். கைப்பிடியைக் கழற்றி, கீழே இருக்கிற நட்டைத் தளர்த்தினால் ஸ்பிண்டில் தனியாக வந்துவிடும். அதைப் புளிக்கரைசலில் போட்டு ஊறவைத்தால் உப்பு பொருபொருவென்று உதிரும். பழைய பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, மரையில் வெள்ளை கிரீஸ், சிலிகான் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், அதை மெல்லிசாகத் தடவ வேண்டும். மெல்லிசாக என்றால் மெல்லிசாக. அள்ளி அப்பக்கூடாது. வாஷரைப் புதுசாக மாற்று. நட்டை அளவாக முறுக்கு, ரொம்ப முறுக்கினால் திரும்பவும் இறுக்கம்தான். மூடும்போது தண்ணீர் நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் அழுத்தினால் வாஷர் நசுங்கும்.

செய்து முடித்து அவளைக் கூப்பிட்டேன். "இப்பத் திற பார்க்கலாம்."

சுண்டுவிரலால் தள்ளிச் சுற்றினாள். திறந்தது. திருப்பிச் சுற்றினாள். மூடியது. "அடேங்கப்பா" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் போய்ப் படுத்துவிட்டேன்.

அன்றைக்குத் தூங்கினேன் பாருங்க, கல்யாணத்துக்கு அப்புறம் அப்படித் தூங்கினதில்லை.

பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரம் போயிருக்கும். நல்ல தூக்கம். "ஏனுங்க! இதைக் கொஞ்சம்!" என்று குரல். எழுந்துபோனால், இந்தமுறை குளியலறைப் பைப்பு. சரி, அதுவும் அதே தண்ணீர்தானே, பிடித்திருக்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே வைத்திருந்தாள். "சமையல்கட்டுலதான் பிடிக்கலாமே புள்ள?" என்றேன். "இங்க தண்ணி கொஞ்சம் நல்லா வருதுங்க" என்றாள். ஒரே தொட்டித் தண்ணீர் தம்பி! பொம்பளைகள் கணக்கு நமக்குப் புரியாது. அன்றைக்கே அதையும் கழற்றிச் சரிசெய்தேன்.

அப்புறம் வாசல் பைப்பு. அப்புறம் துவைகல் பக்கத்துப் பைப்பு. எங்கெங்கே பைப்பு இருக்கிறதோ அங்கேயெல்லாம் தேடித் தேடிப் போய்க் கூப்பிட்டாள். நானும் விடவில்லை. ஒன்று விடாமல் கிரீஸ் போட்டேன். கக்கூஸ் பிளஷைக்கூட விடவில்லை.

இதற்கு நடுவில்தான் ஒரு அதிசயம் நடந்தது. முதலில் சரிசெய்தேனே, சமையல்கட்டுப் பைப்பு, அது திரும்ப இறுகிவிட்டது. அப்படி இறுக வாய்ப்பே இல்லை. திறந்து பார்க்கிறேன், உப்பு ஒரு பொட்டு இல்லை, கிரீஸ் போட்டது போட்ட மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஆனால் நட்டை யாரோ கண்டமேனிக்கு முறுக்கியிருக்கிறார்கள். முனையில் ஸ்பானர் வழுக்கின கீறல்.

"யாரு புள்ள இதைத் தொட்டது?"

"எனக்கென்னங்க தெரியும்? உங்க சாமானை நான் எதுக்குத் தொடறேன்?"

ஸ்பானரைத் தேடினால் பெட்டியில் இல்லை. கடைசியில் ராகிமாவு டப்பாவுக்குள் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் நான்தான் எங்காவது வைத்திருப்பேன், வேறென்ன? ஆனால் நட்டை யார் முறுக்கினது? லைன் வீட்டில் ஆள் வருவதும் போவதுமாகத்தான் இருப்பார்கள். அன்று அவள் வலது கை விரலெல்லாம் சிவந்து வீங்கிக் கிடந்தது. "பாரு, இதுக்குத்தான் சொல்றேன், இறுக்கமான பைப்போட மல்லுக்கட்டாதேன்னு" என்று நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தையல்கார அம்மிணியின் மகள் கதை. நாலாவது வீட்டில் அந்த அம்மிணி தையல் மிஷின் போட்டிருக்கிறாள். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, விடிந்தால் முகூர்த்தம் என்கிறபோது அந்தப் பெண், "நான் தாலி கட்டிக்கறேன், ஆனா அதுக்கு முன்னால மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாளாம்.

தைலம் தேய்த்து முடிந்தது. நான் போய்ப் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஸ்பானரை வீட்டில் வைப்பதில்லை. பெட்டியோடு மில்லுக்குக் கொண்டுபோய் என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி எவன் வந்து முறுக்குகிறான் பார்ப்போம்.

அதோடு விட்டேனா? நிரந்தரமாக ஒரு வழி செய்ய வேண்டும் என்று திருப்பூர் வரை போய்த் தேடினேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணுகிறவர்கள் கை கழுவுவார்களே, பார்த்திருக்கீங்களா? விரலே படாது. நீளமான பிடி, முழங்கையால் தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும். அந்தப் பைப்பு. சமையல்கட்டில் போட்டேன், குளியலறையில் போட்டேன். எங்கள் லைனிலேயே யார் வீட்டிலும் கிடையாது. பக்கத்து வீட்டில் வந்து பார்த்துவிட்டு, "நாச்சிமுத்தண்ணன் பொண்டாட்டிக்கு என்னா குடுத்துவெச்சிருக்கணும்" என்று பேசிக்கொண்டார்கள். என் காதாலேயே கேட்டேன், இந்த நல்ல காதால்.

சாந்தாமணியைக் கொண்டுவந்து நிறுத்தி, "விரலே வேண்டாம் உனக்கு. முழங்கையால ஒரு தள்ளு" என்றேன்.

தள்ளினாள். தண்ணீர் கொட்டியது. இழுத்தாள். நின்றது. சொட்டு விழவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனி உங்களைக் கூப்பிட வேண்டியதே இல்லீங்களா?"

"அதைத்தானே புள்ள நான் சொல்றேன்! இனி கூப்பிட வேண்டியதே இல்லை!"

எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுங்களா? மில்லில் ஒரு எந்திரத்தைக்கூட நான் அவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொண்டதில்லை.

அதற்கப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. நான் வருவேன், சோறு போட்டு மூடிவைத்திருப்பாள், சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். எழுந்தால் காப்பி இருக்கும். எல்லாப் பைப்பும் வெண்ணெய் மாதிரி. ஒரு சத்தமில்லை. ஒரு கூப்பாடில்லை. சில நாள் அவள் அறை வாசலில் வந்து நிற்பது தெரியும். கண்ணைத் திறக்காமல், "என்ன புள்ள, பைப்பா?" என்பேன். "இல்லைங்க, நீங்க தூங்குங்க" என்று போய்விடுவாள். பைப்பில் குறையே இல்லாதபோது அவள்தான் என்ன சொல்வாள்?

நோம்பி வந்தது, போனாள்.

அங்கே போனதிலிருந்து தினமும் போன் பண்ணுகிறாள். அதில் குறை சொல்ல முடியாது. நான் மில்லிலிருந்து வருகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களா?" "ம்." "தூங்குனீங்களா?" "ம்." அப்புறம் வைத்துவிடுவாள். தாரணி என்னைக் கூப்பிட்டுச் சத்தம்போட்டாள். "அப்பா, அம்மாகிட்ட நீங்களாவே ஏதாச்சும் கேளுங்கப்பா. உம் கொட்டாதீங்க." சரி என்று மறுநாள் நானாகவே கேட்டேன். "ஏம்புள்ள, அந்த ஊர்த் தண்ணியும் உப்பா?"

தம்பி, நீங்க சிரிப்பதைப் பார்த்தால் நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்து பேசினாள்! "ஆமாங்க, இங்க நம்மூரைவிட உப்பு. களத்து மேட்டுல ஒரு பைப்பு இருக்குது, ஆம்பளை கைக்கே அசையமாட்டேங்குது. நான் குடத்தைத் தூக்கிட்டுப் போனாப் போதும், நங்கை ஓடியாறா." நங்கை என்றால் அவள் அண்ணன் பொண்டாட்டி. "நங்கை இல்லைன்னா பக்கத்துத் தோட்டத்து அம்மிணி வரும். ஒருத்தி திறக்க ஒருத்தி மூட, அப்படியே எல்லாரும் களத்துலயே உக்காந்துக்கறோம். பேசிப் பேசி நேத்து உலையில அரிசி போடவே மறந்துட்டோமுங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பாருங்க, ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை பேர் தயவு! வீட்டில் முழங்கையால் தள்ளினால் கொட்டுகிறது, அங்கே போய் ஊராரை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் எவ்வளவு வெசனம் இருக்கும்?

நேற்று அவள் கூப்பிட்டபோது நான் மில் வாசலில் இருந்தேன். பஞ்சு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. சத்தத்தில் பாதிதான் கேட்டது. "எப்பப் புள்ள வர்றே?" என்று கேட்டேன். அவள் என்னவோ சொன்னாள். "என்ன?" என்றேன். திரும்பச் சொன்னாள். கடைசிச் சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"...பிடிச்சுப் போச்சுங்க."

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் களத்துப் பைப்பு ஒரேயடியாகப் பிடிச்சுப் போச்சு. அண்ணன் வீட்டில் தண்ணீருக்குத் திண்டாட்டம். இந்த நேரத்தில் விட்டுவிட்டு வரக்கூடாது என்று நிற்கிறாள். அவள் குணம் அது. நானே போய் அதைக் கழற்றிப் போட்டுச் சரிசெய்து கொடுத்தால் அங்கே அவளுக்கு என்ன வேலை? கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ராத்திரியே அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துவிட்டேன்.

நிஜத்தைச் சொன்னால், அவள் போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. படுப்பேன். காதுக்குள்ளே மில் ஓடும். ஓடி ஓடி நிற்கும். கண் அசரும். அந்த நேரத்துக்குத் தூக்கிவாரிப் போடும், கூப்பிட்ட மாதிரி. எழுந்து சமையல்கட்டுக்குப் போவேன். யாருமிருக்க மாட்டார்கள். வந்ததற்கு ஒரு குடத்தை வைத்து, முழங்கையால் தள்ளித் தண்ணீர் பிடிப்பேன். அது நிறைகிறவரை சுவரில் சாய்ந்து நிற்பேன். அந்தக் குடத்துத் தண்ணீருக்கும் வேலை இல்லை, சாயங்காலம் முருங்கைக்கு ஊற்றிவிடுவேன். புழங்காத பைப்பும் பிடிச்சுக்கொள்ளும், அதனால் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து மூடிவிட்டு வருவேன். திரும்பிப் படுத்தால் தையல்கார அம்மிணியின் மகள் ஞாபகம் வந்துவிடும். மாப்பிள்ளையிடம் என்ன கேட்டாளோ? கல்யாணம் நடந்ததா இல்லையா? நாலு வீடு தள்ளித்தான் மிஷின் ஓடுகிறது, போய்க் கேட்கலாம். ஆம்பளை போய் அதையெல்லாம் எப்படிக் கேட்பது? சாந்தாமணியிடம் போனில் கேட்டிருக்கலாம். எப்படி ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

தாராபுரம் தாண்டிவிட்டோமா? அப்படியென்றால் பக்கம்தான்.

இருங்க, போன் அடிக்கிறது. பாருங்க, சொன்னேனில்லையா, சாந்தாமணிதான். நான் வீட்டுக்கு வந்திருப்பேன் என்று கூப்பிடுகிறாள். தம்பி, ஒரு உதவி. இந்த பஸ் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது. நீங்க வாங்கிப் பேசுங்க. பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிடாதீங்க, நேரில் போய் நின்றால்தான் நன்றாயிருக்கும். மில்லில் கூட வேலை செய்கிறவன், அண்ணன் குளிக்கிறார் என்று சொல்லுங்க. அந்தப் பைப்பு அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று மட்டும் கேளுங்க. நான் அரை இஞ்சுதான் வைத்திருக்கிறேன், முக்கால் என்றால் பிரிவிலேயே ஒரு கடை இருக்கும். பேசுங்க, பேசுங்க, வைத்துவிடப் போகிறாள்.

கேட்டீங்களா? என்ன சொல்கிறாள்?

எந்தப் பைப்பா? களத்துப் பைப்புதான் என்று சொல்லுங்க. பிடிச்சுப் போச்சு என்றாளே, அது. நேற்றுச் சொன்னாளே.

என்ன தம்பி, பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கீங்க? உம் கொட்டறீங்களே ஒழிய ஒன்றும் சொல்ல மாட்டேங்கறீங்க. முகம் ஏன் இப்படி ஆகிறது? யாருக்காவது உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வைத்துவிட்டாளா?

சொல்லுங்க. பைப்பு நல்லாத்தான் இருக்குதாமா? எப்போதும் போலத்தான் இறுக்கமாமா? அப்புறம் பிடிச்சுப் போச்சு என்றது... அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்க. கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்க.

"எனக்கு இங்கயே பிடிச்சுப் போச்சு."

எனக்கு என்றா சொன்னாள்? நன்றாகக் கேட்டீங்களா? பைப்பு என்று சொல்லவில்லையா?

பஸ் சத்தம் தம்பி. உங்களுக்கும் சரியாகக் கேட்டிருக்காது.

அப்புறம்? வேறு என்ன சொன்னாள்? "அவரை நல்லாத் தூங்கச் சொல்லுங்க, இனி யாரும் எழுப்பமாட்டாங்க"ன்னா? அக்கறையைப் பார்த்தீங்களா... அவ்வளவு தூரத்தில் இருந்தும்... என் தூக்கத்தைப் பற்றித்தான்...

நீங்க சொல்லியிருக்கலாம் தம்பி. அவர் தூங்குவதில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களிடம்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு வந்தேனே.

இல்லை, உங்கள் மேல் தப்பில்லை. நீங்க மூன்றாம் மனிதர்.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். வேலாங்காட்டுப் பிரிவுதான். அதோ அந்தப் புளியமரத்தடியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். இறங்கட்டுமா, இல்லை அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிப் போய்விடட்டுமா? நீங்க படித்தவர் மாதிரி இருக்கீங்க, ஏதாவது சொல்லுங்க.

இறங்கணுமுங்க! ஆள் இருக்குதுங்க, நிறுத்துங்க!

கொஞ்சம் காலை நகர்த்துங்க தம்பி. பையா? இனி எதுக்கு என்கிறீங்களா? அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? கொடுங்க இப்படி. கையை வீசிக்கொண்டு போய் நின்றால், எதுக்கு வந்தீங்க என்று கேட்பாள். நான் என்னத்தைச் சொல்லுவேன்?